‘சுமை இறக்கும் இடம்’ என்று எழுதலாமா? இறக்கு, இறக்கி வை, களை, தீர் ஆகிய வினைகள் குறித்து

முதுநகர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் உள்ள முதியோர் சிலர் கிழமைதோறும் ஒரு மாலைப் பொழுதில் கூடிப் பேசுகிறார்கள். பெரும்பாலோரின் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். துணையை இழந்து தனியே வாழ்பவர்களும் உண்டு. கூடும் இடத்தின் வாசலில் வைப்பதற்கு ஒரு பலகை வேண்டும் என்றும், அதற்கு வாசகம் எழுதித் தர வேண்டும் என்றும் என்னிடம் கேட்டார்கள். நான் ‘மனச்சுமை இறக்கும் இடம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த பெரியவர் ஒருவர், “‘இறக்கும் இடம்’ என்று எழுதிவிட்டு அதன் கீழேயே எங்களை உட்கார வைக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பெயின்டர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். ‘துயர் களையும் இடம்’, ‘சுமை போக்கும் இடம்’, ‘பாரம் நீக்கும் இடம்’, ‘துன்பம் தீர்க்கும் இடம்’ என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ‘இறக்கு’ என்னும் வினை இங்கே பொருந்துமா, பொருந்தாதென்றால் எது பொருந்தும் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கெடிலக்கரை:
அந்தப் பெரியவரின் குறும்புக்கு இலக்கணம் நன்றாகவே இடம் கொடுக்கிறது. ‘இற’ என்பதும் ‘இறக்கு’ என்பதும் வேறு வேறு வினைகள். இறந்தான், இறக்கினான் என்று இறந்தகாலத்தில் சொல்லும்போது எவருக்கும் ஐயம் எழாது. ஆனால் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்தில் இரண்டும் ‘இறக்க’ என்றே வரும். எதிர்காலப் பெயரெச்சத்தில் இரண்டும் ‘இறக்கும்’ என்றே வரும். எனவே ‘இறக்கும் இடம்’ என்பதைக் கொண்டு மட்டும் எந்த வினை என்று பிரித்தறிய வழியில்லை. அதற்கு முன்னால் வரும் சொல்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். ‘சரக்கு இறக்கும் இடம்’ என்று எழுதினால் எவரும் சிரிப்பதில்லை, ஏனெனில் சரக்கு சாவதில்லை. ‘பயணிகள் இறக்கும் இடம்’ என்று எழுதினால் சிரிப்பார்கள். அங்கே ‘பயணிகள் இறங்குமிடம்’ என்றோ ‘பயணிகளை இறக்கிவிடும் இடம்’ என்றோ எழுத வேண்டும். ‘மனச்சுமை இறக்கும் இடம்’ என்பது இலக்கணப்படி சரியான தொடர்தான். ஆயினும் எண்பது வயதைக் கடந்தவர்கள் அமரும் வாசலில் ஐயத்துக்கு இடம் தரும் சொல் வேண்டுமா என்பதை இலக்கணம் தீர்மானிக்க இயலாது.

இடையில் ஒன்று. ‘இற’ என்பதற்குக் கடத்தல் என்பதே பழைய பொருள். ‘இறந்தகாலம்’ என்று இலக்கணத்தில் நாம் சொல்வது கடந்துபோன காலத்தைத்தான். குறளில் ‘துறந்தாரின் தூய்மை உடையர்’ என்று தொடங்கும் பாட்டில் வரும் ‘இறந்தார்’ செத்தவர் அல்லர். நெறியைக் கடந்து நடந்தவர். சாவைக் ‘கடந்துபோதல்’ என்று மென்மையாகக் குறிக்க வந்த சொல், நாளடைவில் அந்தப் பொருளுக்கே உரியதாகிவிட்டது.

இனி ‘இறக்கு’. இது ‘இறங்கு’ என்னும் தன்வினையின் பிறவினை. அடங்கு–அடக்கு, நீங்கு–நீக்கு, திருந்து–திருத்து, நிரம்பு–நிரப்பு என்பவற்றைப் போலவே இங்கும் மெல்லெழுத்து வல்லெழுத்தாகி இரட்டிக்கிறது. மேலே இருப்பதைக் கீழே வரச்செய்வது என்பதுதான் இதன் அடிப்படைப் பொருள். சுமையை நீக்குவதற்கு இந்தச் சொல்லை நாம் ஆள்வதற்குக் காரணம், நம் ஊர்களில் சுமை என்பது தலைமேல் இருந்த பொருளாக இருந்ததுதான்.

அச்சகத்தார்:
‘பாரம்’ என்று எழுதுவதானால் எங்கள் தொழிலில் வேறு பொருள் வந்துவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அச்சகத்தில் ‘எத்தனை பாரம்?’ என்று கேட்டால் பதினாறு பக்கம் கொண்ட அச்சுத்தாள் எத்தனை என்று பொருள். அது ஆங்கிலத்தில் இருந்து வந்த சொல். சுமையைக் குறிக்கும் வடசொல்லான பாரத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஆகவே பலகையில் ‘சுமை’ என்றே இருக்கட்டும்.

உப்பளம்:
புதுச்சேரியில் இருந்து எழுதுகிறேன். கப்பல் சரக்குகளுக்கான ஆவணம் தயாரிக்கும் அலுவலகங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் துறைமுக வழக்கைப் பற்றிச் சில சொல்லலாம்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் பெரிய கப்பல்கள் கரையை அண்டுவதில்லை. ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுவந்தவை சலங்குகள் எனப்பட்ட படகுகள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவும் அதில் வந்த சரக்கும் நெடுகிலும் பேசப்படுவதைப் படித்தவர்கள் அறிவார்கள். 1866இல் இரும்புப் பாலம் கட்டிய பிறகு அதன் நுனியில் சரக்கு இறக்கினார்கள். 1952 புயலில் அந்தப் பாலம் போயிற்று. கடலூரிலும் கடலில் நிற்கும் கப்பலில் இருந்து தோணிகளில் மாற்றித்தான் சரக்கைக் கரை சேர்த்தார்கள். ஆக ஒரு மூட்டை கப்பலில் இருந்து தோணிக்கு ஒருமுறை, தோணியில் இருந்து கரைக்கு ஒருமுறை, தலையில் இருந்து கிடங்கின் தரைக்கு ஒருமுறை என்று பலமுறை ‘இறங்கும்’. ஒவ்வொரு முறைக்கும் இறக்குக்கூலி தனி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘சரக்கை இறக்கினார்கள்’ என்று சொல்லலாம்; ‘கப்பலை இறக்கினார்கள்’ என்று சொன்னால் பொருள் முற்றிலும் மாறிவிடும். புதிதாகக் கட்டிய கப்பலை அல்லது பழுது பார்த்த படகைத் தண்ணீருக்குள் விட்டார்கள் என்றுதான் எவரும் கொள்வார்கள். சுமந்து வந்த கப்பலின் பாரத்தைக் குறைத்தார்கள் என்ற பொருளை அந்தத் தொடர் ஒருபோதும் தராது. அதாவது ‘இறக்கு’ என்னும் வினை சுமையைத்தான் செயப்படுபொருளாக ஏற்கும், சுமப்பவரை ஏற்காது. ‘அவரை இறக்கினேன்’ என்று சொன்னால் அவரையே ஒரு மூட்டையாக்கிவிடுகிறோம். பலகையில் ‘முதியோரின்’ என்று ஒரு சொல்லைச் சேர்க்க நினைத்தால் இதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

கெடிலக்கரை:
உப்பளத்தார் சொன்னது இந்த வினையின் நடுநரம்பு. சுமப்பவரைச் செயப்படுபொருளாக வைக்க வேண்டுமென்றால் ‘விடுவி’, ‘ஆற்று’, ‘தேற்று’ என்று வேறு வினைக்குப் போக வேண்டும். சுமையின் பக்கம் நிற்கும் வினை ஒன்று, ஆளின் பக்கம் நிற்கும் வினை ஒன்று என்று தமிழில் தெளிவாகப் பிரிந்திருக்கிறது.

வில்லியனூர் வாசகி:
எல்லாரும் தலைச்சுமையைப் பற்றிப் பேசுகிறீர்கள். சுமைதாங்கிக் கல்லை இன்னும் ஒருவரும் நினைக்கவில்லை. இரண்டு கற்களை நட்டு அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். ஆள் குனியாமல், பிறர் உதவி இல்லாமல், தலையில் உள்ள மூட்டையை அப்படியே அதன்மேல் நகர்த்தி வைக்கும் உயரத்தில் அது இருக்கும். இந்த உயரம்தான் அதன் நுட்பம். தலைச்சுமை தூக்கிப் பழகியவர்களுக்குத் தெரியும்: கனமான சுமையைத் தனியாளாகத் தரையில் இறக்குவது கடினம், இறக்கியதைத் தனியாளாக மறுபடி தலைக்கு ஏற்றுவது அதைவிடக் கடினம். ஏற்றிவிட ஒருவர் வேண்டும். வழியில் ஆள் இல்லாவிட்டால் இறக்கவே அஞ்சி நடந்துகொண்டே இருப்பார்கள். சுமைதாங்கியில் வைத்தால் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, சற்று இளைப்பாறி, மீண்டும் தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவது வழக்கம். வயிற்றில் சுமந்ததை இறக்காமல் இறந்தவள் என்பதால், வழிப்போக்கர் தம் சுமையை இறக்க இறக்க அவளுடைய பாரமும் குறையும் என்று நம்பினார்கள். முதுநகர்வாசி ஐயா, ‘இற’வும் ‘இறக்கு’ம் உங்கள் பலகையில்தான் முதன்முதலாக மோதிக்கொண்டன என்று நினைக்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது ‘வை’ என்னும் துணைவினையைப் பற்றி. சுமைதாங்கியில் ‘இறக்குகிறோம்’ என்பதைவிட ‘இறக்கி வைக்கிறோம்’ என்பதே இயல்பான பேச்சு. ‘இறக்கிவிட்டேன்’ என்றால் வேலை முடிந்தது. ‘இறக்கிப் போட்டேன்’ என்றால் சலிப்போடு செய்தேன். ‘இறக்கிக் கொடுத்தேன்’ என்றால் பிறர் பொருட்டுச் செய்தேன். ‘இறக்கி வைத்தேன்’ என்பதில் சுமை எங்கேயும் போய்விடவில்லை, பக்கத்தில்தான் இருக்கிறது, சற்று நேரம் கழித்து நானே எடுத்துக்கொள்வேன் என்ற பொருள் அடங்கியிருக்கிறது. கிழமைக்கு ஒரு மாலை கூடிப் பேசிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

தமிழ் மாணவன்:
‘இறக்கு’ என்பது பேச்சு வழக்குப் போலத் தோன்றுகிறது. பலகையில் எழுதுவதற்கு இலக்கியச் சொல்லான ‘களை’ என்பதுதானே பெருமை? ‘உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு’ என்று குறள் சொல்கிறது. ‘இடுக்கண் களையும் இடம்’ என்று எழுதினால் நட்பும் குறிப்பாக வந்துவிடும்; சாவு பற்றிய ஐயமும் எழாது.

கெடிலக்கரை:
தம்பி, குறளைச் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் ‘களை’யிலும் இதே கண்ணி இருக்கிறது. ‘களைந்தான்’ என்றால் நீக்கினான்; ‘களைத்தான்’ என்றால் சோர்ந்தான். ‘களையும்’ என்பதை ஒரு ‘க்’ கூட்டிக் ‘களைக்கும்’ என்று பெயின்டர் எழுதிவிட்டால், ‘இடுக்கண் களைக்கும் இடம்’ என்று இடுக்கண்ணே சோர்ந்துபோகும். அது ஒருவகையில் நல்லதுதான் என்றாலும் நாம் சொல்ல வந்தது அதுவன்று.

எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இருக்கிறது. களைதல் என்பது வேரோடு எடுத்து எறிவது. வயலில் பயிரல்லாததைக் ‘களை’ என்று சொல்வதும் அதனால்தான். அந்தக் குறளில் பேசப்படும் நண்பன் ஆடை நழுவும் கணத்திலேயே கை போய்ப் பிடிப்பதைப் போல விரைந்து துன்பத்தை அகற்றுகிறான். உங்கள் தெருக் கூடலில் ஒருவர் மனைவியை இழந்த துயரத்தைச் சொல்கிறார் என்றால், கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்கள் அதைக் களைந்துவிட முடியுமா? செய்ய முடியாததைப் பலகையில் எழுதி வைப்பது சரியன்று. ‘தீர்’, ‘நீக்கு’, ‘போக்கு’ ஆகியவற்றுக்கும் என் பதில் இதுதான். அவை மருத்துவருக்கும் தெய்வத்துக்கும் உரிய வினைகள்.

அதிகையான்:
தெய்வத்துக்கு உரிய வினைகள் என்றதும் எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. பண்ருட்டியை அடுத்த திருவதிகையில்தான் சூலை நோயோடு வந்த அப்பர் தம் முதல் பதிகத்தைப் பாடினார். வலியில் இருந்து விடுபட வேண்டி அவர் ஆண்ட வினைகளைக் கவனியுங்கள். முதல் பாட்டில் ‘விலக்ககிலீர்’ என்கிறார். அடுத்த பாட்டில் ‘நணுகாமல் துரந்து’ என்கிறார். மூன்றாவதில் ‘சுடுகின்றது சூலை தவிர்த்தருளீர்’ என்கிறார். விலக்கு, துர, தவிர். ஓர் இடத்திலும் ‘இறக்கு’ என்று கேட்கவில்லை, ஏனென்றால் அந்த நோயை அவர் சுமையாகப் பார்க்கவில்லை. கூற்றுவனைப் போல வந்து தாக்குவதாகப் பார்த்தார். தாக்குகிறவனை விலக்க வேண்டும், துரத்த வேண்டும். இறக்கி வைக்க முடியாது.

அதே அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்றும் அவர் அந்தக் கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரை சேர்ந்தார் என்றும் வரலாறு சொல்கிறது. கடலூர்க்காரர்களுக்கு அவர் கரையேறிய இடம் கரையேறவிட்டகுப்பம். இந்த ஊர்ப்பெயரில் உள்ள வினை ‘ஏற விடு’. திசையைப் பாருங்கள்: சுமை என்றால் கீழே இறக்குகிறோம், ஆளைக் காப்பாற்றுவதென்றால் மேலே ஏற்றுகிறோம். கரையேற்று, கைதூக்கிவிடு என்பவை எல்லாம் மேல்நோக்கிய வினைகள். மேலே உப்பளத்தார் சொன்ன பிரிவினை, சுமைக்கு ஒரு வினை ஆளுக்கு ஒரு வினை என்பது, திசையிலும் தெரிகிறது. பெண்ணுக்குத் திருமணம் முடித்தவரை ‘எப்படியோ கரையேற்றிவிட்டார்’ என்றும் ‘பாரத்தை இறக்கிவிட்டார்’ என்றும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. முதலாவதில் பெண் ஆளாக இருக்கிறாள், இரண்டாவதில் அவளே மூட்டையாகிவிடுகிறாள். இரண்டாவதை நான் சொல்வதில்லை.

வில்லியனூர் வாசகி:
அதிகையாருக்கு என் நன்றி. முதலாவதும் எனக்கு உவப்பானதன்று என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். கரை என்று ஒன்று இருந்தால் அவள் அதுவரை எந்த வெள்ளத்தில் கிடந்தாள் என்ற கேள்வி வருகிறது.

தமிழ் மாணவன்:
ஏறுவதெல்லாம் இறங்கும் என்று பொதுவிதி சொல்லலாமா? காய்ச்சல் ஏறுகிறது, இறங்குகிறது. நஞ்சு தலைக்கு ஏறுகிறது, அதை இறக்குகிறார்கள். போதையும் கோபமும் விலையும் அப்படியே. பசி ஏறுவதில்லை, எனவே இறங்குவதும் இல்லை. அதை ஆற்றுகிறோம் அல்லது தீர்க்கிறோம். வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையைப் பற்றிப் பேசும்போதும் ‘பசியாற்றுதல்’ என்றுதான் சொல்கிறோம்.

கெடிலக்கரை:
விதி அழகாக இருக்கிறது. ஒரே ஒரு விலக்கு. கடன் ஏறும், வட்டியும் ஏறும். ஆனால் ‘கடன் இறங்கியது’ என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதை அடைக்க வேண்டும், கட்ட வேண்டும், தீர்க்க வேண்டும். தானாக இறங்கும் வழக்கம் அதற்கு இல்லை என்பது மொழிக்கும் தெரிந்திருக்கிறது. ‘கடன்சுமை’ என்று அதைச் சுமையாக்கிக்கொண்ட பிறகுதான் ‘இறக்கி வைத்தேன்’ என்று சொல்ல முடிகிறது. துயரத்துக்கும் இது பொருந்தும். ‘துயரத்தை இறக்கினேன்’ என்பது ஒட்டவில்லை. ‘துயரச் சுமையை இறக்கி வைத்தேன்’ என்பது ஒட்டுகிறது. எனவே பலகையில் ‘சுமை’ என்னும் சொல் இல்லாமல் ‘இறக்கு’ வரக் கூடாது.

முதுநகர்வாசி:
எங்கள் கூடலில் வேறொரு சொல்லும் முன்மொழியப்பட்டது: ‘மனச்சுமை நிவாரண மையம்’. ஓய்வு பெற்ற அரசு அலுவலர் ஒருவர் அதை மிகவும் வற்புறுத்துகிறார். இதைப் பற்றிய கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

உப்பளம்:
வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. 2004 ஆழிப்பேரலையையும், 2011 இறுதியில் நம் இரண்டு ஊர்களுக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலையும், 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் உங்களுடையது. ‘நிவாரணம்’ என்ற சொல்லுக்கு அங்கே இப்போது துன்பத்தை நீக்குதல் என்ற பொருளா இருக்கிறது? ‘நிவாரணம் வந்துவிட்டதா?’, ‘உங்களுக்கு நிவாரணம் போட்டார்களா?’ என்றால் பணமும் அரிசியும் வந்தனவா என்றுதான் பொருள். செயலைக் குறித்த சொல் பொருளைக் குறிக்கும் சொல்லாக இறுகிவிட்டது. ‘வழங்கு’ என்னும் வினை இல்லாமல் அதனால் தனித்து நிற்கவும் முடியவில்லை. அந்தப் பலகையை வைத்தால் குடும்ப அட்டையோடு வந்து வரிசையில் நிற்பார்கள்.

வில்லியனூர் வாசகியாரின் ‘இறக்கி வை’ எனக்கும் உடன்பாடு. ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. நான் தேவாலயத்தில் கேட்டு வளர்ந்த சங்கீதத்தில் ‘கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு’ என்று வருகிறது. அங்கே ‘இறக்கு’ இல்லை. ‘மேல் வை’ என்று இருக்கிறது. ஒருவர் தலையில் இருந்து எடுத்து இன்னொருவர் மேல் வைப்பது அது. ‘எங்களிடம் இறக்கி வையுங்கள்’ என்று பலகை சொன்னால், கேட்பவர்கள் அந்தச் சுமையைத் தாங்கள் ஏற்பதாகப் பொருள் வராதா? கேட்பவர்களும் எண்பது வயதுக்காரர்கள்தானே?

வில்லியனூர் வாசகி:
நல்ல கேள்வி. ‘மேல் வை’ என்றால் சுமக்க இன்னொருவர் வேண்டும். ‘இறக்கி வை’ என்றால் ஓர் இடம் போதும். கல்லுக்குச் சுமை கிடையாது. ஆகவே ‘எங்களிடம்’ என்று எழுத வேண்டாம். ‘இங்கே’ என்று எழுதினால் சரியாக இருக்கும். மாசிமகத்தின்போது தேவனாம்பட்டினத்திலும் இங்கே வைத்திக்குப்பத்திலும் கடற்கரைக்கு வரும் உற்சவர்களைச் சுமப்பவர்கள் வழியில் தோள் மாற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் தோளில் இருந்து இன்னொருவர் தோளுக்குப் போனால் அது மாற்றுவது. பந்தலில் இருத்தினால்தான் இறக்கி வைப்பது. சாமியை ‘எழுந்தருளச் செய்தல்’ என்று அர்ச்சகர் சொல்வார். தோள் கொடுத்தவர்கள் ‘இறக்கி வைத்தோம்’ என்றே சொல்வார்கள். இரண்டிலும் மரியாதைக் குறைவு இல்லை. தோள் வலித்தவரின் சொல் வேறாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அதிகையான்:
‘இறக்கு’ என்பதில் மரியாதைக் குறைவு உண்டா என்பதற்கு இன்னொரு சான்று. ‘தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர்’ என்கிறது குறள். அங்கே தலையில் இருந்து கீழே வந்த மயிர் தாழ்வுக்கு எடுத்துக்காட்டு. திருவந்திபுரத்துக்குப் போய் வந்தவர் ‘முடி இறக்கினேன்’ என்று சொல்லும்போது அதே மயிர் வேண்டுதலாகிவிடுகிறது. ‘இழி’ என்னும் வினை தாழ்வுப் பொருளுக்குள் முழுவதுமாகப் போய்விட்டது. ‘இறங்கு’, ‘இறக்கு’ இரண்டும் தப்பித்துக்கொண்டன.

புதிய உறுப்பினர்:
‘மனம் இறங்கி’ என்று எழுதுவது சரியா, ‘மனம் இரங்கி’ என்பது சரியா? இரண்டும் சுமையைக் குறைப்பது பற்றித்தானே?

கெடிலக்கரை:
இரங்குதல் என்பது பரிவு கொள்ளுதல், இடையின ரகரம். ‘இரங்கல் கூட்டம்’ என்று எழுத வேண்டியதை ‘இறங்கல் கூட்டம்’ என்று சுவரொட்டிகளில் அச்சடித்து விடுகிறார்கள். நம் வட்டாரப் பேச்சில் இரண்டு ஒலிகளுக்கும் வேறுபாடு மறைந்துபோனதால் வந்த தொல்லை இது. ‘அவர் பிடிவாதத்தில் இருந்து இறங்கி வந்தார்’ என்றால் வல்லினம். ‘அவர் மனமிரங்கி உதவினார்’ என்றால் இடையினம். ஒருவர் இறங்கி வராமலேயே இரங்கலாம். இரங்காமலேயே இறங்கியும் வரலாம்.

இழை நெறியாளர்:
ஒலிவேறுபாடு பற்றிய உரையாடலை நீட்டிக்க விரும்புவோர் தனி இழை தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதுநகர்வாசியின் பலகைக்கு இன்னும் வாசகம் முடிவாகவில்லை.

உப்பளம்:
அப்படியானால் என் முன்மொழிவு: ‘மனச்சுமையை இங்கே இறக்கி வைக்கலாம்’. இதில் ‘இறக்கும்’ இல்லை, எனவே பெரியவரின் கேள்விக்கு இடமில்லை. ‘சுமையை’ என்று இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்பதால் இறக்கப்படுவது எது என்பதிலும் குழப்பமில்லை. ‘வையுங்கள்’ என்ற ஏவல் இல்லை. விரும்பியவர் வைக்கட்டும், வெறுமனே உட்கார்ந்திருக்க விரும்புகிறவர் உட்கார்ந்திருக்கட்டும்.

வில்லியனூர் வாசகி:
‘மனச்சுமை’ என்பதில் ‘மன’ வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். ‘மனச்சுமை’ என்று எழுதினால் உள்ளே வருகிறவர் தமக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்று தெருவுக்கே அறிவித்துவிட்டு வருவதாக ஆகும். என் மாமியார் போன்றவர்கள் அந்தப் பலகைக்குக் கீழே நுழையவே மாட்டார்கள். ‘சுமையை’ என்று மட்டும் இருந்தால், சந்தையில் வாங்கிய காய்கறிப் பையோடு வந்தவரும் பையை வைத்துவிட்டு உட்காரலாம். பேச வேண்டியது இருந்தால் அது பிறகு தானே வரும்.

தமிழ் மாணவன்:
‘களை’யை நான் இன்னும் கைவிடவில்லை. ஆண்டு விழா மலருக்குத் தலைப்பு வைக்கும்போது மறுபடியும் கேட்பேன்.

முதுநகர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை உங்கள் பதில்களை எடுத்துப் படித்துக் காட்டினேன். நிவாரணத்தை வற்புறுத்திய அலுவலர் குடும்ப அட்டை பற்றிய வரியைக் கேட்டதும் தம் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ‘மன’வை எடுத்துவிட வேண்டும் என்பதில் பெண்கள் அனைவரும் ஒரே குரலாக இருந்தார்கள். ‘சுமையை இங்கே இறக்கி வைக்கலாம்’ என்பது முடிவாகியிருக்கிறது. முதலில் கேள்வி எழுப்பிய பெரியவர், “இறக்கி வைக்கலாம் சரி, போகும்போது யார் தூக்கிவிடுவார்கள்?” என்று கேட்டிருக்கிறார்; அதற்கு உரிய வாசகம் கேட்டு இன்னொரு இழை தொடங்கும் எண்ணம் இப்போதைக்கு எனக்கு இல்லை. பெயின்டர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ‘இறக்கிவைக்கலாம்’ என்று சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? பலகை அவ்வளவு அகலம் இல்லை.

அச்சகத்தார்:
இடம் குறைவென்றால் சேர்த்தே எழுதலாம். துணைவினையை முதல் வினையோடு ஒட்டி எழுதுவதுதான் முறை என்று மெய்ப்புத் திருத்துவோர் எங்களிடம் சொல்வார்கள்.

கெடிலக்கரை:
‘வை’ துணைவினையாக மட்டும் நிற்கும்போது அது சரி. ‘சொல்லிவைத்தேன்’ என்பதில் எதையும் எங்கேயும் வைக்கவில்லை. அங்கே சேர்த்து எழுதலாம். இங்கே ‘இங்கே’ என்று ஓர் இடத்தைக் குறிப்பிட்ட பிறகு, இறக்குவது ஒரு செயல், வைப்பது இன்னொரு செயல். இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள்: மேல் வரியில் ‘சுமையை இங்கே’, கீழ் வரியில் ‘இறக்கி வைக்கலாம்’. எழுத்தைச் சற்றுப் பெரிதாகவே போடச் சொல்லுங்கள். படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள்.

முதுநகர்வாசி:
பெயின்டரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வரியாகவே எழுதுகிறார்.